கரங்வுனியில் அணையாத இன்ஜின்

கரங்வுனி,
ஜூன் 9

சம்பந்தி கஸ்மாடி அவர்களுக்கு ஸலாம்.

போனில் என் நம்பரை மறித்துவிட்டீர்கள். மறியுங்கள். உங்கள் ரயிலின் கார்டு சர்குனை மறிக்க முடியாதல்லவா? காலையில் மலையிலிருந்து வருகிறார், மாலையில் மலைக்குப் போகிறார். இந்தக் கடிதமும் அவரோடு வரும். பிள்ளைகளைத் தூது விட எனக்கு இஷ்டமில்லை. உங்கள் மகள் நஸ்திதி ஏழு மாத வயிற்றோடு என் வீட்டில் இருக்கிறாள். அவள் காதில் நம் சண்டை விழ வேண்டாம்.

ஏழாம் மாதச் சடங்கில் நான் செய்தது தப்பு என்று ஊரே சொல்கிறது. சொல்லட்டும். ஆறு துணியை ஒவ்வொன்றாகப் பிள்ளைத்தாய்ச்சி மேல் போர்த்தி, கூடியிருந்த பெண்கள் எல்லாம் "இன்னும் பொருந்தல!" என்று வழக்கப்படி கத்தியாயிற்று. ஏழாவது துணியைப் பிரிக்கிறேன், "பொருந்துது!" என்று கத்த வேண்டிய நேரம், துணி முழுக்கக் கரிப்பொட்டு. முந்தின நாள்தான் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். வாய் சும்மா இருக்குமா? "இது பொண்ணோட அப்பா ரயில் குத்தின முத்திரை, எல்லாரும் பாத்துக்கங்க!" என்றேன். நீங்கள் ருஜாக் பழக்கலவையில் ஒரு துண்டு மாங்காய்கூட எடுக்காமல், அந்தத் துணியையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

என் தொழில் இறால் வடகம். வெயில் உள்ள நேரத்தில்தான் காய வைக்க முடியும். உங்கள் வண்டி காலையில் வந்து என் சுவரோரம் நிற்கிறது. மாலையில்தான் கிளம்புகிறது. நிற்கிற வண்டிக்கு இன்ஜின் எதற்காக ஓட வேண்டும்? பகல் முழுக்கப் புகை. வெள்ளை வடகம் எள்ளு போட்ட வடகமாகிறது. நீங்கள் மோட்டார் சைக்கிளை ஓடவிட்டுவிட்டுத்தான் மத்தியானம் தூங்குவீர்களோ?

எங்கள் சந்துப் பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் புகார் கொடுத்துவிட்டோம். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். "கரங்வுனியில் இன்ஜினை அணை" என்று உங்கள் ரயில்வே வாயாலேயே உத்தரவு வரும்வரை உங்கள் வண்டியில் என் கால் படாது.

வார்தினி


பாருகுனுங்,
ஜூன் 12

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா வார்தினி அவர்களுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. சர்குன் அதைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இனி ஒட்டி அனுப்பவும்.

இந்தப் பாதையின் டிரைவர்களுக்கெல்லாம் தலைவன் நான். ரயில் ஓட்டுவது வடகம் பொரிப்பது போன்ற காரியமல்ல. ஆகவே விளக்கம் தருகிறேன்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு பெருநாள் முந்தின நாள், கரங்வுனியில் இன்ஜினை அணைத்தோம். மாலையில் அது எழும்பவில்லை. பிளாட்பாரம் நிறைய ஜனம், புதுத்துணி மூட்டை, கைக்குழந்தை. எல்லாரும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்கு நடந்தார்கள். பாதிப் பேர் பெருநாள் தொழுகைக்கு வீடு போய்ச் சேரவில்லை. அவர்கள் திட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது. இங்கே மலை ஷெட்டில் மெக்கானிக் இருக்கிறார், அணைக்கலாம். உங்கள் ஊரில் யார் இருக்கிறார்? அன்றிலிருந்து கரங்வுனியில் இன்ஜினை அணைப்பதில்லை. புதிதாக வரும் டிரைவருக்கு முதல் பாடமே இதுதான்.

ஊரார் முன்னால் என்னை அவமானப்படுத்தியதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. சொல்ல ஆரம்பித்தால் காகிதம் போதாது.

நஸ்திதிக்கு மலைப் பப்பாளி பிடிக்காது, கொடுக்க வேண்டாம். கொய்யா அனுப்பியிருக்கிறேன்.

கஸ்மாடி


கரங்வுனி,
ஜூன் 20

சம்பந்தி அவர்களுக்கு,

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். திட்டுவதானால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நேற்று ஒரு கார் வந்து வாசலில் நின்றது. தலைமை அலுவலகத்து அதிகாரி ஒருவர், கூடவே பஸ் முதலாளி தியோனோ. அந்தத் தியோனோ என்னைப் பார்த்துக் கை குவித்துச் சிரிக்கிறார்! "ரொம்ப நன்றிம்மா. நாங்க எத்தனை வருஷமா சொல்லிட்டிருந்தோம், யாரும் கேக்கல. உங்க ஒரு புகார், காரியம் முடிஞ்சுது" என்கிறார்.

"என்ன காரியம்?" என்றேன்.

"பாருகுனுங் ரயில நிறுத்தப் போறாங்க. பெருசா நாலு பஸ் விடப் போறேன்."

"ஐயா, நான் புகைய நிறுத்தச் சொன்னேன், வண்டிய நிறுத்தச் சொன்னேனா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துவீங்களா?" என்று அதிகாரியைக் கேட்டேன்.

அவர் கெட்டவரில்லை, சின்ன வயது, பொறுமையாகத்தான் சொன்னார். "அம்மா, ஒரு ஆள மலைக்குக் கொண்டுபோக இந்த ரயில் பஸ்ஸ விட அதிகமா டீசல் குடிக்குது. புகையும் அதிகம். ரயிலு சுத்தமான வண்டின்னு நாங்க எல்லா ஊர்லயும் சொல்லிட்டிருக்கோம், இது மானத்த வாங்குது. ஆகஸ்ட் கடைசியோட நிறுத்திடுவோம்."

சம்பந்தி, காலையில் முட்டைக்கோஸும் கேரட்டும் கொண்டுவரும் மலைப் பெண்கள்தான் மாலையில் என் வடகத்தை வாங்கிப் போகிறார்கள். அத்தனை கூடையைப் பஸ்ஸில் ஏற்றுவார்களா? கூடைக்கே தனி டிக்கெட் கேட்பார் தியோனோ. வண்டி போனால் என் அடுப்பும் அணைந்தது. அவர்கள் பாடு அதைவிட மோசம்.

ஒன்று மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். பகல் முழுக்கச் சும்மா நின்று குடிக்கிற டீசலும் அந்தக் கணக்கில்தானே ஏறுகிறது? ஒரு தரம் எழும்பாத இன்ஜினுக்குப் பயந்து இத்தனை வருஷமா? சூடு கண்ட பூனைகூட ஒரு நாள் திரும்ப அடுப்பங்கரைக்கு வரும்.

உங்கள் மகளிடம் எதையும் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்துவிட்டாள். அழுதாள்.

வார்தினி


பாருகுனுங்,
ஜூன் 25

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபத்தில் ஒரு பதில் எழுதினேன். அதை அனுப்பவில்லை. நீங்கள் படிக்காததே நல்லது.

பிறகு உங்கள் பூனை என்னைத் தூங்கவிடவில்லை. ஷெட்டுக்குப் போய் எலக்ட்ரீஷியன் டர்மினைக் கேட்டேன். "டர்மின், அந்தப் பெருநாளுக்கு இன்ஜின் ஏன் எழும்பல?"

"பேட்டரி செத்துப் போச்சு ஐயா. பழைய பேட்டரி."

"இப்ப இருக்கறது?"

"அதுவா? அது மாத்தி நாலு வருஷம் ஆச்சே. ஸ்டார்ட்டரும் புதுசு. நல்லா உதைக்கும்."

"அப்ப கரங்வுனியில அணைக்கலாமா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அணைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க?"

அம்மா, பேட்டரி மாறியது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் காகிதத்தில் என் கையெழுத்தே இருக்கிறது. இருந்தும் அணைத்துப் பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. டிரைவர்கள் என்னைப் பார்த்துப் பயந்தார்கள், நான் அந்தப் பெருநாளைப் பார்த்துப் பயந்தேன். எனக்கே சிரிப்பு வருகிறது, கோபமும் வருகிறது.

அதிகாரியிடம் பேசினேன். ஜூலை மாதம் முழுக்கச் சோதனைக்கு விட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஆகும் டீசல் பஸ்ஸைவிடக் குறைந்தால் வண்டி இருக்கும். குறையாவிட்டால் போகும். தண்டவாளத்தைக் கழற்றவும் ஏலத்துக்கு ஆள் தயார்.

முதலில் அணைக்க எந்த டிரைவரும் முன்வரவில்லை. "நீங்களே வந்து அணைங்க ஐயா" என்கிறார்கள். ஆகவே ஜூலை முதல் தேதி நானே ஓட்டி வருகிறேன். உங்கள் சுவரோரம்தான் நிற்பேன். சுவரைத் தாண்டிப் பேச வேண்டும் என்று கட்டாயமில்லை.

கஸ்மாடி


கரங்வுனி,
ஜூலை 2

சம்பந்தி அவர்களுக்கு,

நேற்று நான் சுவர்மேல் ஏறி நின்று உங்களைப் பார்த்ததாகச் சர்குன் சொல்வார். நம்பாதீர்கள். வடகம் காயும் தட்டியைத் திருப்ப ஏறினேன்.

நீங்கள் இன்ஜினை அணைத்ததும் என்ன நடந்தது தெரியுமா? எங்கள் சந்தே வீட்டுக்கு வெளியே வந்துவிட்டது. ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோய் வந்தார்கள். பக்கத்து வீட்டுக் கோழி கொக்கரிப்பது எனக்குக் கேட்டது. பதினேழு வருஷமாக அந்த வீட்டில் கோழி இருக்கிறது, பகலில் அதன் சத்தம் கேட்டதில்லை. நஸ்திதி சாய்வு நாற்காலியில் படுத்தவள் அஸர் பாங்கு வரை தூங்கினாள்.

பாவம் சர்குன்! ஜெனரேட்டரும் நின்றதால் ஏசியும் போயிற்று. இத்தனை நாள் காலிப் பெட்டியில் போர்வை போர்த்தித் தூங்கின மனுஷர், விசிறிக்கொண்டே என் வாசலில் வந்து உட்கார்ந்தார். "அம்மா, சுற்றுச்சூழல் சுற்றுச்சூழல்னு சொல்றாங்களே, அதுல கார்டு சேரமாட்டாரா?" என்று கேட்டார். இளநீர் கொடுத்தேன்.

மாலையில் பிளாட்பாரத்தில் கூட்டம். நிறையப் பேர் பயணிகள் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவர்கள். தியோனோ ஒரு காலி பஸ்ஸைக் கொண்டுவந்து ஸ்டேஷன் வாசலிலேயே நிறுத்திவிட்டு, "எழும்பலேன்னா வாங்க, இன்னிக்கு இலவசம்" என்று கூவ ஆள் வைத்திருந்தார்.

முதல் உதை. இன்ஜின் ஒரு தரம் இருமி நின்றது. ஜனம் மொத்தமும் "ஐயோ" என்றது. இரண்டு பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் பக்கம் திரும்பினார்கள். ஜன்னலில் உங்கள் முகம் தெரிந்தது. சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது பாருங்கள்! மலைப் பெண்கள் முட்டைக்கோஸ் கூடையைக் கொட்டு மாதிரி தட்டினார்கள். "எழுந்துருச்சு! எழுந்துருச்சு!" என்று யாரோ தொண்டை கிழியக் கத்தினார்கள். அது நான்தான் என்று சர்குன் சொல்வார். அதையும் நம்பாதீர்கள்.

இன்று வடகத்தைப் பார்த்தேன். வெள்ளை.

வார்தினி


பாருகுனுங்,
ஜூலை 14

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

சர்குன் சொன்னார். நான் நம்பவில்லை. ஆனால் எனக்கே கேட்டது.

தினமும் இப்போது அணைக்கிறோம், தினமும் எழும்புகிறது. டிரைவர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. இன்னொரு வேலையும் பார்த்திருக்கிறேன். காலையில் மலையிலிருந்து வருவது முழுக்க இறக்கம். இருந்தும் நம் ஆட்கள் ஸ்டேஷன் வாசல்வரை இன்ஜினை இழுக்கவிட்டு, கடைசியில் பிரேக்கைப் போட்டு நிறுத்துவார்கள். டீசலை எரித்து வேகம் வாங்கி, அந்த வேகத்தைப் பிரேக் கட்டையில் தேய்த்து எறிவது. இதையும் நான்தான் பழக்கினேன். நேரத்துக்கு வர வேண்டும் என்ற பயம்தான் காரணம்.

இப்போது உங்கள் ஊருக்கு முந்திய செங்கல் சூளையைக் கண்டதும் டீசல் கொடுக்கும் கைப்பிடியை விட்டுவிட வேண்டும். வண்டி தானாக உருண்டு வந்து சேரும். எங்கள் டிரைவர்கள் ஒவ்வொரு சிக்னலையும் விரல் நீட்டிக் காட்டி வாய்விட்டுச் சொல்வது பழக்கம். அதேபோல் சூளையைக் காட்டி "விட்டாச்சு!" என்று சொல்லப் பழக்கினேன். மூன்றாம் நாளே முதல் பெட்டியில் இருந்த மலைப் பெண்களும் விரலை நீட்டி "விட்டாச்சு!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். நேரம் ஒரு நிமிஷம்கூடத் தவறவில்லை.

ஆனாலும் சந்தோஷப்படும் நிலையில் நான் இல்லை. டீசல் குறைந்தது, ஆளும் குறைந்தது. தியோனோ கட்டணத்தைப் பாதியாக்கிவிட்டார். கணக்கு ஆளுக்கு இவ்வளவு என்றுதான் போடுகிறார்கள். காலிப் பெட்டியை எவ்வளவு சிக்கனமாக இழுத்தாலும் அது வீண்தான். பெட்டியை நிரப்புவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நான் வண்டி ஓட்டுகிறவன், ஆளைக் கூப்பிடத் தெரியாது.

உங்களுக்குத் தெரியும். கேட்பதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. கேட்கிறேன்.

கஸ்மாடி


கரங்வுனி,
ஜூலை 27

சம்பந்தி,

இதைக் கேட்க உங்களுக்கு இரண்டு வாரம் முன்னாடியே வாய் வந்திருக்கக் கூடாதா?

நடந்ததைச் சொல்கிறேன். மாலை வண்டி போகிற பாதையில் இருக்கும் ஊர்ப் பெண்கள் நூற்றுக்கணக்கில் எங்கள் ஊர்த் தையல் ஆலையில் வேலை செய்கிறார்கள். எல்லாரும் மோட்டார் சைக்கிள். நான் ஆலை வாசலில் போய் நின்றேன். ரயில் நல்லது, காற்று சுத்தம் என்று சொன்னால் யார் கேட்பார்? "சீட்டுப் போடலாம் வாங்கடி" என்றேன். நின்றுவிட்டார்கள்.

மாதச் சீட்டு இல்லாத சந்து நம் ஊரில் உண்டா? இது ரயில் சீட்டு. வாராவாரம் குலுக்கல், மாலை வண்டியில், மூன்றாவது பெட்டியில். ஒரே ஒரு விதி: வாரம் முழுக்க ரயிலில் வந்தவள் பேர்தான் குடத்தில் விழும். ஒரு நாள் பஸ்ஸில் போனாலும் அந்த வாரம் பேர் கிடையாது. யார் வந்தாள், யார் வரவில்லை என்பதற்குச் சர்குன் சாட்சி.

நான்தான் வண்டியில் கால் வைக்கக் கூடாதே! பிளாட்பாரத்தில் நின்று ஜன்னல் வழியாகக் குடத்தைக் குலுக்கினேன். "உள்ள வந்து குலுக்குங்கம்மா, கை வலிக்கப் போவுது" என்றாள் ஒருத்தி. "எனக்குக் கைய விட சொன்ன சொல்லு முக்கியம்டி" என்றேன். முதல் குலுக்கல், சீட்டில் சேர்ந்திருந்த மலை முட்டைக்கோஸ்காரி பாரியாவுக்கு விழுந்தது. பெட்டியே ஆடியது.

இரண்டாம் வாரம் உட்கார இடமில்லை. வடகம், வேர்க்கடலை, ஊர் வம்பு எல்லாம் வண்டியில். மத்தியானத்தில் ஏசி இல்லாமல் வெந்து கிடந்த பெட்டி ஜன்னல் திறந்ததும் ஜில்லென்று ஆகிவிடுகிறது, ஏசியே வேண்டாம் என்கிறார்கள் பெண்கள். தியோனோவின் பஸ் டிரைவர் மனைவியே சீட்டில் சேர்ந்துவிட்டாள். அந்த மனுஷர் பஸ்ஸைக் காலியாக ஓட்டிக்கொண்டு போகிறார், பெண்டாட்டி பக்கத்துத் தண்டவாளத்தில் கை காட்டிக்கொண்டு போகிறாள்.

நஸ்திதிக்கு நாள் நெருங்கிவிட்டது. மருத்துவச்சி நல்லபடியாக இருக்கிறாள் என்றார். உங்கள் கணக்கு எப்போது வரும்?

வார்தினி


பாருகுனுங்,
ஆகஸ்ட் 5

சம்பந்தியம்மா!

ஜெயித்துவிட்டோம்!

அதிகாரி நேரிலேயே வந்தார். டிரைவர்கள், கார்டு, கூட்டுகிறவர்கள் எல்லாரையும் நிற்க வைத்து வாசித்தார். ஒரு ஆளை மலைக்கு ஏற்ற பஸ் குடிக்கும் டீசலில் நம் வண்டி இப்போது இரண்டு பேருக்கும் மேல் ஏற்றுகிறது. முதலில் அவரே நம்பாமல் டீசல் தொட்டியை அளந்து பார்த்திருக்கிறார். பாதையை மூடும் யோசனை போயே போயிற்று. சாயங்காலம் ஒரு பெட்டி கூடச் சேர்க்கப் போகிறார்கள். சர்குன் துண்டை மேலே எறிந்தார், அது சிக்னல் கம்பத்தில் மாட்டிக்கொண்டு இன்னும் தொங்குகிறது.

இன்னும் கேளுங்கள். "நிற்கும் இடங்களில் இன்ஜினை அணைக்க வேண்டும்" என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். நம் பாதைக்கு மட்டுமல்ல, மற்றக் கிளைப் பாதைகளுக்கும். எத்தனை ஸ்டேஷன் ஓரம் எத்தனை பேர் துணி காயப்போடுகிறார்களோ! உத்தரவின் பிரதி இத்துடன். அதில் முதல் ஊர்ப் பெயரே கரங்வுனி. உங்கள் சபதம் தீர்ந்தது.

அதிகாரி என்னைக் கைகுலுக்கி, "உங்க யோசனையா ஐயா?" என்று கேட்டார். "இல்ல. எங்க சம்பந்தியம்மா திட்டினாங்க" என்றேன். அது என்ன முறை என்று புரியாமல் எழுதிக்கொண்டார்.

உங்களுக்கு நன்றி. முப்பது வருஷம் ஓட்டிய பாதை இது. இது போயிருந்தால் நான் உடைந்திருப்பேன்.

கஸ்மாடி


கரங்வுனி,
ஆகஸ்ட் 8

சம்பந்தி அவர்களுக்கு,

பேத்தி! போனில் மகன் சொல்லியிருப்பான், இருந்தாலும் நான் எழுதாமல் விடுவேனா? நேற்று மத்தியானம் பிறந்தாள். வண்டி சுவரோரம் நின்றுகொண்டிருந்தது, சத்தமில்லாமல். அதனால் அவள் முதல் அழுகை பிளாட்பாரம்வரை கேட்டிருக்கிறது. சர்குன் ஓடி வந்து, "அம்மா, ஹாரன் மாதிரி இல்ல இருக்கு!" என்றார். தாயும் பிள்ளையும் நலம். மூக்கு உங்களுடையது. பெண் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய மூக்கா என்று கவலையாக இருக்கிறது.

உத்தரவைச் சட்டம் போட்டு வடகக் கடையில் மாட்டியிருக்கிறேன்.

முப்பத்தைந்தாம் நாள் சடங்கை உங்கள் வீட்டில் வைக்கலாம் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். பேத்தியை எடுத்துக்கொண்டு ரயிலில் வருகிறேன். ஒரு கூடை வடகமும் வரும். ஒரு பொட்டுக் கரி கண்டுபிடித்தால் காசு வேண்டாம்.

என் ஏழாவது துணி எங்கே?

வார்தினி


பாருகுனுங்,
ஆகஸ்ட் 13

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

மூக்கைப் பற்றி எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், நல்ல மூக்குதான்.

துணி என்னிடம்தான். கொண்டுவந்த கோபத்தில் அலமாரியில் திணித்திருந்தேன். இப்போது நானே துவைக்கிறேன். எலுமிச்சை, சாம்பல், டர்மின் சொன்ன ஏதோ தூள் எல்லாம் போட்டாயிற்று. ஓரத்தில் ஒரே ஒரு பொட்டு மட்டும் போகமாட்டேன் என்கிறது.

வாருங்கள். அன்றைக்கு வண்டியை நான் ஓட்டி வருகிறேன்.

கஸ்மாடி


கரங்வுனி,
செப்டம்பர் 14

சம்பந்தி அவர்களுக்கு ஸலாம்.

சௌகரியமாக வந்து சேர்ந்தோம். திரும்பி வரும்போது சூளை தெரிந்ததும் பேத்தியின் சின்ன விரலைப் பிடித்து ஜன்னல் பக்கம் நீட்டி "விட்டாச்சு!" என்று கத்தினேன். பெட்டி முழுக்கக் கத்தியது. அவள் கொட்டாவி விட்டாள்.

உங்கள் ஊர்ப் பிளாட்பாரத்தில் நடந்ததை இன்னும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். இன்ஜினை அணைத்துவிட்டு நீங்களே இறங்கி வந்தீர்கள். எங்கும் அமைதி. எதிரே நான். மூன்று மாதம் காகிதத்தில் கிழித்துக்கொண்ட இரண்டு பேருக்கும் வாயில் ஒரு வார்த்தை இல்லை! அந்தத் துணியை எடுத்து நீட்டினீர்கள். பேத்தியைச் சுற்றத் தெரியாமல் சுற்றினீர்கள், கால் வெளியே வந்தது. மலைப் பெண்கள் விடுவார்களா? "இன்னும் பொருந்தல!" என்றார்கள். திரும்பச் சுற்றினீர்கள், தலை மூடிக்கொண்டது. "இன்னும் பொருந்தல!" வேர்த்துக் கொட்ட மூன்றாவது தரம் சுற்றி முடித்து நிமிர்ந்தீர்கள்.

"பொருந்துது!"

ஸ்டேஷன் கூரை அதிர்ந்தது. அதில் என் குரல்தான் பெரிது என்கிறாள் நஸ்திதி. இருக்கட்டுமே. அன்றைக்குச் சடங்கில் பாதியில் நின்றுபோன சொல் அது, எனக்குத்தான் பாக்கி இருந்தது. அப்போது நீங்கள் அழுதீர்கள், நான் பார்த்தேன். புகை பட்டுக் கண் கலங்கியது என்று இனி நீங்கள் சொல்ல முடியாது.

நம்பரைத் திறந்துவிட்டீர்கள் போல, காலையிலிருந்து போன் அடிக்கிறது. எடுக்க மாட்டேன். சொல்ல வேண்டியதை எழுதியனுப்புங்கள். சர்குனுக்கும் பகலில் ஏதாவது வேலை வேண்டும், இப்போது தூங்குவதற்கு ஏசிகூட இல்லை பாவம்.

வார்தினி